எண்ணெய்க்காக இறங்கிய விமானங்கள்

(மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு வாசகசாலையின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது. எழுத்தாக்கும்போது ஒன்றிரண்டு இடங்களைச் சுருக்கியிருக்கிறேன்.)

தலைவர் அவர்களே, பெரியவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற அம்மாமார்களே, பின்னால் மதிலில் சாய்ந்து நிற்கிற மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் 22 வருஷம் ராம்ப் வேலை பார்த்தவன் நான். விமானம் வந்து நிற்கிற தளத்தைத்தான் ராம்ப் என்போம். படி வைப்பது, பெட்டி இறக்குவது, ஏற்றுவது, புறப்படும் விமானத்தைப் பின்னால் தள்ளிவிடுவது எல்லாம் எங்கள் வேலை. ஒரு விமான நிறுவனம் நொடிக்கத் தொடங்கினால் அது பத்திரிகைக்குத் தெரிவதற்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்துவிடும். எண்ணெய் வண்டிக்காரர் பணம் வந்து சேர்ந்ததா என்று போன் போட்டுக் கேட்ட பிறகுதான் குழாயை மாட்டுவார். மாற்றுச் சக்கரம் ஒன்று வேண்டுமென்றால் பக்கத்து நிறுவனத்திடம் கடன் கேட்பார்கள். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து வந்த அறிவுதான் என்னுடையது. அதை வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

2022-ஆம் வருஷம் மே மாதக் கடைசியில் நான் ஊரில் இருந்தேன். மருமகனை வழியனுப்பத் திருவனந்தபுரம் போய்விட்டுச் சங்குமுகம் கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வாலில் மயில் வரைந்த ஒரு பெரிய விமானம் வந்து இறங்கியது. ஶ்ரீலங்கன் ஏர்லைன்ஸ், இலங்கை அரசின் விமான நிறுவனம். கொழும்பிலிருந்து இங்கே வருகிற விமானம் சின்னதாக இருக்கும், ஒற்றை நடைபாதை விமானம். இது இரண்டு நடைபாதை வைத்த ஏர்பஸ் ஏ330. ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிற வண்டி. இதற்கு இங்கே என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை. உள்ளே வேலை பார்க்கிற பழைய நண்பரைக் கேட்டேன். "ஆள் யாரும் இறங்கவில்லை அண்ணே, எண்ணெய் போட வந்திருக்கிறார்கள்" என்றார்.

அன்றைக்கு எனக்கு உண்மையாகவே நெஞ்சு கனத்தது. கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்கவில் விமான எரிபொருள் இல்லை. அந்த ஏப்ரல் மாதம்தான் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்திருந்தது. டாலர் இல்லை, அதனால் எண்ணெய் இல்லை. வெளிநாட்டு நிறுவனங்கள் திரும்பிப் போவதற்கான எண்ணெயையும் சேர்த்துக் கொண்டுவந்தன. ஶ்ரீலங்கனோ, தூர தேசத்துக்குப் போகிற விமானங்களை நம்முடைய திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் இறக்கி, டாங்கியை நிரப்பிக்கொண்டு போனது. ஒரு தேசத்தின் விமானம் தன் சொந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் கிடைக்காமல் பக்கத்து வீட்டு முற்றத்தில் வந்து நின்றதைப் பார்த்தேன்.

ஒரு தடவை கூடுதலாக இறங்கி ஏறுவதற்கு என்ன செலவாகும் என்று நினைக்கிறீர்கள்? இறங்கும் கட்டணம் இருக்கிறது. ஏறும்போதுதான் விமானம் அதிகமாக எண்ணெய் குடிக்கும், அது இருக்கிறது. எல்லாவற்றையும் விடப் பெரியது விமானியின் வேலை நேரம். ஒரு விமானி இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது என்று சட்டம். ஒன்றரை மணி நேரம் இங்கே போனால் சில பாதைகளில் கூடுதல் விமானியை ஏற்ற வேண்டிவரும். அப்புறம் அந்த விமானம் திரும்பி வருவதும் தாமதம், அதற்காகக் காத்திருக்கிற அடுத்த பயணமும் தாமதம்.

இங்கேதான் இணைப்பு நிலையம் என்கிற விஷயத்தைச் சொல்ல வேண்டும். நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். குளச்சலிலிருந்து ஒரு வண்டி, திங்கள்நகரிலிருந்து ஒரு வண்டி, தக்கலையிலிருந்து ஒரு வண்டி. எல்லாம் வடசேரிக்கு வந்து சேர்ந்தால், அங்கிருந்து திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் வண்டி நிரம்பும். குளச்சலிலிருந்து நேராக மதுரைக்கு ஒரு பஸ் விட்டால் பாதி சீட் காலியாகப் போகும். விமானத்திலும் இதே கணக்குத்தான். பத்து ஊர்களை ஒன்றோடொன்று நேராக இணைக்க 45 பாதைகள் வேண்டும். நடுவில் ஒரு நிலையத்தை வைத்துக்கொண்டால் பத்துப் பாதைகள் போதும். துபாயும் சிங்கப்பூரும் வளர்ந்தது இந்தக் கணக்கில்தான். கொழும்பும் அப்படி ஆகக்கூடிய இடம்தான். திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்குப் போகிற தூரத்தை விடக் கொழும்புக்குப் போகிற தூரம் குறைவு, நேர்கோட்டில் 400 கிலோமீட்டர்கூட இல்லை.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு நூலில் தொங்குகிறது. குளச்சல் வண்டி அரை மணி நேரம் பிந்தினால் மதுரை வண்டி போய்விடும். அது என் சொந்த வாழ்க்கையில் நடந்தது. அப்பா இறந்த செய்தி வந்தவுடன் கிடைத்த டிக்கெட்டில் கிளம்பினேன். நடுவில் ஒரு நகரத்தில் மாறி ஏற வேண்டும். நிறுவனத்தின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம். முதல் விமானம் தாமதமாகப் புறப்பட்டது, 40 நிமிஷத்தில் இணைப்பு போய்விட்டது. அடுத்த விமானம் மறுநாள். நான் வீடு வந்து சேர்ந்தபோது கல்லறைக் குழியின் மண் காய்ந்திருந்தது. விமானத்தை நேரத்துக்குக் கிளப்புகிற தொழிலில் இருந்தவனுக்கே இது நடந்தது. அன்றைக்குப் பிறகு ஒரு பெட்டிக்காக விமானம் பிந்தினாலும் என்னால் சும்மா நிற்க முடிந்ததில்லை. அந்தப் பெட்டிக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய அப்பா இருக்கிறார்.

சரி, ஶ்ரீலங்கன் இந்த நிலைக்கு எப்படி வந்தது?

அந்த நாட்டின் விமான வரலாறு நம்மோடு பிணைந்தே தொடங்கியது. 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானையில் கிளம்பி, யாழ்ப்பாணத்துப் பக்கம் காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்கு வந்தது. தமிழர்களை நம்பித் தொடங்கிய பாதை என்றே அதைச் சொல்வேன். ஏர் சிலோன் முப்பது வருஷம் ஓடி நொடித்தது. 1979-இல் ஏர் லங்கா என்று புதிதாகத் தொடங்கினார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் இரண்டு போயிங் 707 விமானங்களைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு, செப்டம்பர் முதல் தேதி பறந்தார்கள். 1998-இல் எமிரேட்ஸ் உள்ளே வந்தது. 40 சதவீதப் பங்கை 7 கோடி டாலருக்கு வாங்கியது, பிறகு கொஞ்சம் கூட்டிக்கொண்டது. பத்து வருஷத்துக்கு நிர்வாகமும் அவர்கள் கையில். ஶ்ரீலங்கன் என்ற பெயர் வந்தது அப்போதுதான்.

2001 ஜூலை 24-ஆம் தேதி விடியலுக்கு முன் கட்டுநாயக்க தாக்கப்பட்டது. விமானப்படையின் விமானங்களோடு பயணிகள் விமானங்களும் எரிந்தன. நிறுவனத்தின் விமானங்களில் ஏறக்குறைய பாதி அழிந்தோ சேதமாகியோ போயின. அந்தப் போரைப் பற்றி நம் ஒவ்வொருவர் மனசிலும் ஒரு பாரம் உண்டு, அதை இங்கே திறக்க நான் வரவில்லை. தொழிலாளியாக ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரே ராத்திரியில் பாதி விமானங்களை இழந்த நிறுவனம் எழுந்திருக்காது என்றுதான் நாங்கள் நினைத்தோம். எழுந்தது. கடையை மூடாமல் நடத்தினார்கள். எங்கள் ராம்பில் என்னோடு வேலை பார்த்த நீர்கொழும்புக்காரர் ஒருவர் அந்த வருஷங்களைப் பெருமையாகச் சொல்வார்.

குண்டுக்குத் தாக்குப்பிடித்த நிறுவனம் எதில் விழுந்தது தெரியுமா? 2007 டிசம்பரில் லண்டனிலிருந்து கொழும்புக்கு வருகிற ஒரு விமானம். ஏற்கெனவே டிக்கெட் வாங்கி உட்காரப் போகிற பயணிகளை விட்டுவிட்டு, ஜனாதிபதியோடு வந்த பெரிய குழுவை ஏற்ற வேண்டும் என்று கேட்டார்கள். நிர்வாகம் முடியாது என்றது. தலைமை அதிகாரியாக இருந்த பீட்டர் ஹில் என்பவரின் வேலை அனுமதியை அரசாங்கம் ரத்து செய்தது. 2008-இல் ஒப்பந்தம் முடிந்தவுடன் எமிரேட்ஸ் நிர்வாகத்திலிருந்து விலகிக்கொண்டது. 2010-இல் அவர்களுடைய பங்கையும் அரசாங்கமே வாங்கிக்கொண்டது.

டிக்கெட் எடுத்தவனை இறக்கிவிட்டு வேண்டியவனை ஏற்றுகிற பஸ்ஸில் நாம் எத்தனை நாள் ஏறுவோம்? நான் அந்த நாளைத்தான் திருப்புமுனையாக எண்ணுகிறேன். அதற்குப் பிறகு வந்த நட்டங்களெல்லாம் அந்த ஒரு எண்ணத்தின் பிள்ளைகள். விமானம் பயணிக்காக இல்லை, நாட்டை ஆள்கிறவரின் பல்லக்கு என்கிற எண்ணம்.

பாருங்கள். ஶ்ரீலங்கன் இருக்கும்போதே 2007-இல் மிஹின் லங்கா என்று இன்னொரு அரசு நிறுவனம் தொடங்கினார்கள். அதுவும் நட்டத்தில் ஓடி 2016-இல் மூடப்பட்டது. 2013 மார்ச்சில் இலங்கையின் தெற்கே மத்தளையில் ஒரு புது விமான நிலையம் திறந்தார்கள். சுமார் 21 கோடி டாலர் செலவு, அதில் 19 கோடி சீனக் கடன். அழகான கட்டடம், நீளமான ஓடுபாதை, பயணி இல்லை. ஶ்ரீலங்கனை அங்கே பறக்கச் சொன்னார்கள். ஏற ஆள் இல்லாத நிலையத்துக்குப் போய் வருவதும் அந்த நிறுவனத்தின் தலையில் விழுந்தது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய பிறகுதான் அதை நிறுத்த முடிந்தது. பிறகு அந்த நிலையத்தின் சரக்குக் கூடத்தில் நெல் மூட்டை அடுக்கினார்கள். நெல்லுக்கு நல்ல இடம்தான், ஆனால் 21 கோடி டாலரில் யாரும் களஞ்சியம் கட்டுவதில்லை. நம் மாவட்டத்துக்கும் ஒரு விமான நிலையம் வேண்டும் என்று அவ்வப்போது பேச்சு எழும். எனக்கும் ஆசை உண்டு. யார் ஏறப் போகிறார்கள், தினமும் எத்தனை பேர், திருவனந்தபுரத்தை விட்டு ஏன் இங்கே வருவார்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் எழுதிவிட்டுத்தான் கல் போட வேண்டும்.

விமானம் வாங்கிய கதை இன்னும் மோசம். 2013-இல் ஆறு ஏ330, நான்கு ஏ350 வாங்க ஏர்பஸ்ஸோடு ஒப்பந்தம் போட்டார்கள். அது தவிர நான்கு ஏ350 குத்தகைக்கு. ஏ350 என்பது பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பறக்கிற பாதைகளுக்கு ஏற்ற விமானம். அப்படிப்பட்ட பாதைகளில் நட்டப்பட்டுக்கொண்டிருந்த நிறுவனத்துக்கு அது எதற்கு? 2016-இல் குத்தகையை ரத்து செய்தார்கள். ரத்து செய்ததற்கு மட்டும் 9 கோடியே 80 லட்சம் டாலர் அபராதம். ஒரு விமானமும் வரவில்லை, ஒரு பயணியும் ஏறவில்லை, பணம் போயிற்று. பிறகு 2020 ஜனவரியில் ஏர்பஸ் நிறுவனம் பல நாடுகளில் லஞ்சம் கொடுத்து விமானம் விற்ற குற்றச்சாட்டுகளுக்காகப் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளுக்கும் சேர்த்து 360 கோடி யூரோ கட்ட ஒப்புக்கொண்டது. பிரிட்டன் நீதிமன்ற ஆவணங்களில் இந்த ஶ்ரீலங்கன் ஒப்பந்தமும் இருந்தது.

இந்தப் பணமெல்லாம் யாருடையது? 2022 மே மாதம், பிரதமரான சில நாளில் ரணில் விக்ரமசிங்க தொலைக்காட்சியில் கணக்குச் சொன்னார். 2020-21 என்ற ஒரே வருஷத்தில் 4,500 கோடி இலங்கை ரூபாய் நட்டம். 2021 மார்ச் கடைசி வரை சேர்ந்த நட்டம் 37,200 கோடி. வாழ்நாளில் விமானத்தில் கால் வைக்காத ஏழையும் இந்தச் சுமையைத் தூக்க வேண்டியிருக்கிறது என்றார். அவருடைய அரசியலைப் பற்றி எனக்குப் பல கருத்து உண்டு, அந்தச் சொல் உண்மை. எனக்கு உடனே நினைவு வந்தது மலையகத்து அக்காமார்கள். நம் தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன்னால் போனவர்களின் பேத்திகள். நாள் முழுக்கக் கொழுந்து பறித்து அந்த நாட்டுக்கு டாலர் கொண்டுவருகிறவர்கள். அவர்கள் வாங்குகிற அரிசி, பருப்பின் வரியிலிருந்து ஒரு துளி, ஒரு நாளும் வந்து சேராத ஏ350-க்குப் போயிருக்கிறது. முடிவெடுத்தவர் யாரும் தன் கையிலிருந்து ஒரு ரூபாய் இழக்கவில்லை. இந்த நோயின் வேர் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. டிக்கெட்டில் ஒரு பகுதி ரூபாயில் வருகிறது. குத்தகை, என்ஜின் பராமரிப்பு, எண்ணெய், காப்பீடு எல்லாம் டாலரில் போகிறது. 2022 மார்ச் தொடக்கம் வரை டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360-ஐத் தொட்டது. எந்தத் தப்பும் செய்யாத நிர்வாகம் இருந்திருந்தால்கூட அந்த இரண்டு மாதத்தில் முதுகு ஒடிந்திருக்கும். 2023-இல் என்ஜின் கிடைக்காமல் சில விமானங்கள் தரையிலேயே நின்றன. நிற்கிற விமானத்துக்கும் குத்தகை உண்டு என்பதை மறக்க வேண்டாம். கார் ஷெட்டில் நின்றாலும் தவணை நிற்காது இல்லையா, அதுபோல. அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்து வெளியிட்ட 17 கோடியே 50 லட்சம் டாலர் கடன் பத்திரம் 2024 ஜூனில் முதிர்ந்தது. அதையும் கட்ட முடியவில்லை.

இப்போது நிலையத்துக்கு வருகிறேன். கட்டுநாயக்கவுக்கு ஒரே ஓடுபாதை. 2017-இல் அதைப் புதுப்பிக்க வேண்டி, ஜனவரி முதல் ஏப்ரல் வரை மூன்று மாதம், தினமும் காலை எட்டரை முதல் மாலை நாலரை வரை மூடினார்கள். பகல் முழுக்க மூடிய நிலையத்தில் இணைப்பு வியாபாரம் எப்படி நடக்கும்? திருவனந்தபுரத்திலும் ஒரே ஓடுபாதைதான். வருஷத்துக்கு இரண்டு முறை பத்மநாபசுவாமியின் ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகத்துக்குப் போகும், சில மணி நேரம் விமானம் நிற்கும். முன்கூட்டியே அறிவித்து, அதற்கேற்ப நேரத்தை மாற்றிக்கொள்கிறார்கள். அது சில மணி நேரம், இது மூன்று மாதம்.

கட்டடமும் அப்படித்தான். வருஷத்துக்கு 60 லட்சம் பேருக்காகக் கட்டியது, 2018-இல் ஒரு கோடிக்கு மேல் ஆட்கள் அதில் போய் வந்தார்கள். இரண்டாவது முனையத்தை ஜப்பான் கடனில் கட்டத் தொடங்கினார்கள், 2022-இல் நாடு கடன் தவறியதும் வேலை நின்றது. தூணும் கம்பியும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன.

ராம்ப்காரனாக இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அந்த நிலையத்தில் எல்லா நிறுவனங்களுக்கும் தரைவேலையும் சாப்பாடும் ஶ்ரீலங்கன் கையில்தான். நிறுவனத்தில் நாலு காசு பார்க்கிற பகுதி அதுதான். பறக்கிற பக்கம் நட்டம், தரையில் நிற்கிற பக்கம் லாபம். இதனால் நிறுவனம் மூச்சு விடுகிறது, உண்மை. ஆனால் போட்டி இல்லாத இடத்தில் வெளி நிறுவனம் வேறு வழியில்லாமல் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டும். விலை கூடினால் அவர்கள் சின்ன வண்டி அனுப்புவார்கள், அல்லது வேறு ஊருக்குத் திருப்புவார்கள். நிறுவனத்தைக் காப்பாற்ற நிலையத்தைக் கட்டிப்போட்டால் கடைசியில் இரண்டுமே இளைக்கும். அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் திறமைசாலிகள். போட்டி வந்தாலும் ஜெயிப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விற்றுவிட்டால் தீர்ந்துவிடுமா? ஏர் இந்தியாவை விற்றார்களே என்று கேட்பீர்கள். 2018-இல் 76 சதவீதப் பங்கை ஏலத்துக்கு வைத்தபோது ஒருவர்கூட வரவில்லை. 2021-இல் டாடா 18,000 கோடிக்கு எடுத்தது. அதில் கையில் வந்தது 2,700 கோடி, மீதி 15,300 கோடி கடனை ஏற்றுக்கொண்டது. மொத்தக் கடன் 61,562 கோடி. அப்படியானால் 46,262 கோடி எங்கே? அரசாங்கத்திடம், அதாவது நம்மிடம். விற்றதால் அரசாங்கத்தின் தலையில் புது நட்டம் விழுவது நின்றது, பழைய கடன் நிற்கவில்லை. இலங்கையிலும் 2024 தொடக்கத்தில் வாங்க ஆட்களைக் கூப்பிட்டார்கள், சிலர் விண்ணப்பித்தார்கள். அந்த வருஷக் கடைசியில் வந்த அனுர குமார திசாநாயக்கவின் அரசு விற்பதில்லை, சீரமைத்து நடத்துவோம் என்றது.

நடத்தட்டும். விற்றே ஆக வேண்டும் என்று எனக்கு வெறி கிடையாது. ஆனால் நடத்துகிறவர் கையில் முடியாது என்று சொல்கிற அதிகாரம் இருக்க வேண்டும், அமைச்சரிடமும் ஜனாதிபதியிடமும்கூட. பழைய கடனைத் தனியாகப் பிரித்து, இது மக்கள் கட்டுகிறது என்று பாராளுமன்றத்தில் வெளிப்படையாக எழுதி வைக்க வேண்டும். அப்புறம், லண்டனுக்கும் மெல்போர்னுக்கும் பறப்பதுதான் கௌரவம் என்ற நினைப்பை விட்டு, சென்னை, திருச்சி, மதுரை, திருவனந்தபுரம், கொச்சி என்று ஒரு மணி, ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கிற ஊர்களைக் கவனிக்க வேண்டும். அந்த விமானங்கள் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை போய் வரும். தூர தேசத்து வண்டிக்கு ஆள் சேர்ப்பதும் அவைதான். 1947-இல் முதல் விமானம் எந்தத் திசையைப் பார்த்துக் கிளம்பியதோ, அதே திசைதான்.

இங்கே ஏவியேஷன் படிக்கிற பிள்ளைகள் பத்துப் பேராவது இருப்பீர்கள் என்று செயலாளர் சொன்னார். மக்களே, லட்சக்கணக்கில் பீஸ் கட்டுவதற்கு முன்னால், நீங்கள் சேரப் போகிற நிறுவனத்துக்கு எத்தனை விமானம் பறக்கிறது, எத்தனை தரையில் நிற்கிறது என்று விசாரியுங்கள். சம்பளம் மாதம் தவறாமல் வருகிறதா என்று அங்கே வேலை பார்க்கிற யாரையாவது கேளுங்கள். எண்ணெய் வண்டிக்காரரைக் கேட்க முடிந்தால் அவரைக் கேளுங்கள், அவர் பொய் சொல்ல மாட்டார்.

கட்டுநாயக்கவில் வேலை பார்க்கிற என் நண்பரோடு போன மாதம் பேசினேன். அவருடைய மகனும் ராம்பில்தான் சேர்ந்திருக்கிறானாம். நேரமாகிவிட்டது, காவல்கிணறு பக்கம் போகிறவர்களுக்கு கடைசி பஸ் இருக்கிறது. கேள்வி இருக்கிறவர்கள் வெளியே டீ குடிக்கும்போது கேளுங்கள், நான் இங்கேதான் இருப்பேன். வணக்கம்.